ஹாயா: எபிரேயத்தின் ‘இரு’ என்னும் வினையைக் கற்கத் தொடங்குவோருக்கு

எபிரேயம் கற்கத் தொடங்கும் தமிழர் ஏறக்குறைய எல்லோரும் முதல் வாரத்திலேயே “நான் வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்ல முயன்று, ‘இருக்கிறேன்’ என்பதற்கு என்ன சொல் என்று தேடுவார்கள். அந்த இடத்தில் எபிரேயத்தில் சொல்லே கிடையாது. ‘இரு’ என்று பொருள்படும் ஹாயா என்ற வினை அம்மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளுள் ஒன்று. ஆனால் பேச்சில் அதற்கு நிகழ்கால வடிவம் இல்லை. ஆகவே வினை வராத இடத்தை முதலில் பழகிக்கொண்டு, பிறகு இறந்தகாலம், எதிர்காலம், உடைமை என்ற வரிசையில் போவதே இந்த வினையைக் கற்கச் சிறந்த வழி. பாடப்புத்தகங்கள் சில முதல் பக்கத்திலேயே முழு வாய்பாட்டையும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

இந்த வழிகாட்டி, இஸ்ரேலில் பராமரிப்புப் பணிக்கோ விவசாய வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்லும் இந்தியர், இலங்கையர் போன்றோருக்கும், ‘உல்பான்’ எனப்படும் எபிரேயப் பயிற்சி வகுப்புகளின் தொடக்க நிலையில் இருப்போருக்கும், இறையியல் கல்லூரிகளில் வேதாகம எபிரேயத்தைத் தொடங்குவோருக்கும் உதவும் வகையில் எழுதப்பட்டுள்ளது. முதல் உல்பான் 1949இல் எருசலேமில் தொடங்கப்பட்டது. இன்றும் அவ்வகுப்புகளின் முதல் நிலைக்கு எபிரேய அகரவரிசையின் முதல் எழுத்தான ‘அலெஃப்’ என்பதே பெயர்.

எழுத்துமுறையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. இங்கே எபிரேயச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தொண்டையை உரசி வரும் ஒலியை ‘ஃக’ என்றும், பற்களுக்குப் பின்னால் அதிர்ந்து வரும் ஒலியை, அதாவது ஆங்கிலத்தில் zoo என்னும் சொல்லின் முதல் ஒலியை, ‘ஃஜ’ என்றும் குறித்திருக்கிறேன். க, த, ப ஆகிய எழுத்துகளில் வல்லோசை எது, மெல்லோசை எது என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. அதைக் காதால் கேட்டே பிடிக்க வேண்டும். எபிரேய எழுத்துகள் மொத்தம் 22தான். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தின் பகுதிகளுக்கு மேலே ஆலெப், பேத் என்று வரும் தலைப்புகள் அவ்வெழுத்துகளின் பெயர்களே. இரண்டு வாரம் ஒதுக்கினால் அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம்; அதன்பின் இந்தத் தமிழ் ஒலிபெயர்ப்பைக் கைவிட்டுவிடுவது நல்லது.

முதல் படி: வினை இல்லாமல் பேசுதல்

“நான் மருத்துவர்” என்று தமிழில் சொல்கிறோம். அதில் வினை இல்லை. எபிரேயத்திலும் அப்படியே “அனி ரோஃபெ” என்றால் போதும். அனி என்றால் நான், ரோஃபெ என்றால் மருத்துவர். பெண் சொன்னால் “அனி ரோஃபா”. பெயரைப் பயனிலையாகக் கொண்ட தொடர்களைத் தமிழர் இவ்வாறு எளிதில் கற்றுவிடுவார்கள். ஆங்கிலம் போன்ற ஐரோப்பிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்தான் இங்கே ஒரு வினையைத் தேடித் திண்டாடுவார்கள்.

நமக்குச் சிக்கல் வருவது அடுத்த வகைத் தொடரில். “நான் களைப்பாக இருக்கிறேன்”, “அவன் வீட்டில் இருக்கிறான்” என்று தன்மையையும் இடத்தையும் சொல்லும்போது தமிழில் ‘இரு’ கட்டாயம் வரும். எபிரேயத்தில் அங்கும் வராது. “அனி அயெஃப்” என்றால் ‘நான் களைப்பு’ என்பது போன்ற அமைப்பு. பெண் சொல்லும்போது “அனி அயெஃபா”. “ஹூ பபாயித்” என்றால் ‘அவன் வீட்டில்’ என்பதோடு தொடர் முடிந்துவிடுகிறது. தொடரைப் பாதியில் விட்டதுபோல் முதலில் தோன்றும். ஒரு வாரம் சொல்லிப் பழகினால் அந்த உணர்வு போய்விடும்.

பயனிலையும் எழுவாயும் பெயர்ச்சொற்களாக இருந்தால் இடையில் ஹூ, ஹீ என்ற பிரதிப்பெயர்களில் ஒன்றை இணைப்பாக வைப்பதுண்டு. “ஹைஃபா ஹீ ஈர் நமால்” என்றால் ‘ஹைஃபா ஒரு துறைமுக நகரம்’. ஹீ என்பது ‘அவள்’. நகரங்கள் எபிரேயத்தில் பெண்பால் என்பதால் அது வந்தது. தொடக்கத்தில் இதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.

பிரதிப்பெயர்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. எபிரேயத்தில் மரியாதைப் பன்மை இல்லை. எதிரில் இருப்பவர் ஆணானால் அத்தா, பெண்ணானால் அத். எண்பது வயது முதியவரானாலும், மருத்துவமனைத் தலைமை மருத்துவரானாலும் அதேதான். ‘நீங்கள்’ என்ற நினைப்பில் அத்தெம் என்று பன்மையில் அழைத்தால், உடன் வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். மரியாதையைக் குரலிலும் ‘தயவுசெய்து’ என்று பொருள்படும் பெவகஷா என்ற சொல்லிலும் காட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் படி: யெஷ், எய்ன், லோ

“தண்ணீர் இருக்கிறது” என்பது வேறு வகை. இங்கே ஒரு பொருள் உண்டு என்று சொல்கிறோம். இதற்கு எபிரேயம் யெஷ் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது: “யெஷ் மாயிம்”. தண்ணீர் இல்லை என்றால் “எய்ன் மாயிம்”. மின்சாரம் இல்லை என்றால் “எய்ன் ஃகஷ்மால்”. பால், எண், இடம் பார்த்து இவை மாறுவதில்லை என்பது பெரிய நிம்மதி.

ஆகவே தமிழின் ‘இருக்கிறது’ எபிரேயத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொல்லும்போது எதுவும் வேண்டாம்; ஒன்று உண்டா இல்லையா என்று சொல்லும்போது யெஷ் வேண்டும். “அனி யெஷ் பபாயித்” என்று தமிழர் வாயில் அடிக்கடி வரும் தொடர் இந்த இரண்டையும் கலப்பதால் விளையும் பிழை.

எதிர்மறையில் நம் பழைய இலக்கணம் கைகொடுக்கிறது. “அவர் மருத்துவர் அல்லர்”, “இங்கே மருத்துவர் இல்லை” என்று எழுத்துத் தமிழ் வேறுபடுத்துவதைப் போலவே எபிரேயமும் வேறுபடுத்துகிறது: முதலாவது “ஹூ லோ ரோஃபெ”, இரண்டாவது “எய்ன் போ ரோஃபெ”. போ என்றால் இங்கே. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால், எபிரேயம் பேசும்போது மனத்தில் ‘அல்ல’ வருகிறதா ‘இல்லை’ வருகிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டால் பிழை நேராது.

உடைமையும் இந்த யெஷ், எய்ன் வழியாகவே சொல்லப்படுகிறது. “எனக்கு நேரம் இருக்கிறது” என்பது “யெஷ் லி ஃஜ்மான்”. லி என்பது ‘எனக்கு’. “எனக்குப் பணம் இல்லை” என்பது “எய்ன் லி கெஸெஃப்”. ‘நான் நேரத்தைக் கொண்டிருக்கிறேன்’ என்பது போன்ற அமைப்பு எபிரேயத்தின் இயல்பான பேச்சில் இல்லை. நம் நான்காம் வேற்றுமையே அங்கும் ஆள்கிறது. லி எனக்கு, லெஃகா உனக்கு என்று ஆணிடம், லாஃக் உனக்கு என்று பெண்ணிடம், லோ அவனுக்கு, லா அவளுக்கு, லானு நமக்கு அல்லது எங்களுக்கு, லாஃகெம் உங்களுக்கு, லாஹெம் அவர்களுக்கு. இவற்றைச் சரளமாகச் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பின்னால் வரும் பெரும்பகுதி இவற்றின்மேல்தான் கட்டப்படுகிறது.

மூன்றாம் படி: இறந்தகாலம்

இப்போதுதான் ஹாயா மேடைக்கு வருகிறது. மேலே வினையில்லாமல் சொன்ன தொடர்களை நேற்றுக்கு நகர்த்த, பொருத்தமான இறந்தகால வடிவத்தைச் சேர்த்தால் போதும். எத்மோல் என்றால் நேற்று. “அனி பபாயித்” என்பது “எத்மோல் ஹாயீத்தி பபாயித்” ஆகிறது. ‘ஹாயீத்தி’ என்பதன் இறுதியிலேயே ‘நான்’ அடங்கியிருக்கிறது. ‘இருந்தேன்’ என்பதில் ‘ஏன்’ விகுதி அடங்கியிருப்பது போலத்தான். ஆகவே அனி என்பதைத் தனியே சொல்லாமலும் விடலாம்.

வடிவங்கள் இவை. நான் இருந்தேன் என்பது ஹாயீத்தி. நீ இருந்தாய் என்பது ஆணிடம் ஹாயீத்தா, பெண்ணிடம் ஹாயித். அவன் இருந்தான் என்பது ஹாயா. அவள் இருந்தாள் என்பது ஹாய்தா. நாங்கள் இருந்தோம் என்பது ஹாயீனு, நீங்கள் இருந்தீர்கள் என்பது ஹாயீத்தெம், அவர்கள் இருந்தார்கள் என்பது ஹாயூ. பெண்கள் மட்டுமே உள்ள குழுவிடம் ஹாயீத்தென் என்று சொல்வது இலக்கணம். பேச்சில் பலரும் ஹாயீத்தெம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

அழுத்தம் விழும் இடத்தைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். ஹாயா, ஹாய்தா, ஹாயூ மூன்றிலும் கடைசி அசையில் அழுத்தம். ஹாயீத்தி, ஹாயீத்தா, ஹாயீனு ஆகியவற்றில் நடுவிலுள்ள ‘யீ’யில் அழுத்தம். இஸ்ரேலியர் விரைந்து பேசும்போது முன்னே உள்ள ‘ஹ’ தேய்ந்து, ‘ஆயீத்தி’ என்பது போலவே கேட்கும். அதைப் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்லும்போது ஹ-வை விடாமல் சொல்லுங்கள்.

எதிர்மறைக்கு லோ-வை முன்னே வைத்தால் முடிந்தது: “லோ ஹாயீத்தி பபாயித்”. நிகழ்காலத்தில் எய்ன் வந்த இடத்திலும் இறந்தகாலத்தில் லோ ஹாயா என்றே வரும் என்பதால், இரண்டாம் படியில் பார்த்த வேறுபாடு இங்கே மறைந்துவிடுகிறது.

இன்னொரு பயன்பாடு தமிழரை ஏமாற்றும். “எப்போதாவது எய்லாத்துக்குப் போயிருக்கிறாயா?” என்று நாம் ‘போ’ என்ற வினையால் கேட்பதை, எபிரேயத்தில் ‘இரு’ வினையால் கேட்கிறார்கள்: “ஹாயீத்தா பாஅம் பெஎய்லாத்?” அந்தக் கேள்விக்கு விடை “ஹாயீத்தி” என்ற ஒரே சொல். ‘அங்கே இருந்தேன்’ என்று தங்கியிருந்ததைச் சொல்வதாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

தட்பவெப்பமும் உணர்வும் இப்படியே. “ஹாயா கார்” என்றால் ‘குளிராக இருந்தது’; “ஹாயா லி கார்” என்றால் ‘எனக்குக் குளிராக இருந்தது’. சாப்பிட்டு முடித்து “ஹாயா தஈம்” என்றால் ‘சுவையாக இருந்தது’. நல்ல பொழுதாகக் கழிந்தால் “ஹாயா கேஃப்”. கேஃப் என்ற சொல் அரபியிலிருந்து வந்து எபிரேயப் பேச்சில் நிலைத்துவிட்டது.

நான்காம் படி: எதிர்காலம்

எதிர்காலத்தில் சொல்லின் முன்னால் எழுத்து சேர்கிறது. ஹாயாவின் வேர் ஹே, யோத், ஹே என்ற மூன்று எழுத்துகள். அதன்முன் அலெஃப் சேர்ந்தால் எஹ்யெ, நான் இருப்பேன். தாவ் சேர்ந்தால் திஹ்யெ, நீ இருப்பாய். யோத் சேர்ந்தால் யிஹ்யெ, அவன் இருப்பான். நூன் சேர்ந்தால் நிஹ்யெ, நாங்கள் இருப்போம். அலெஃப், யோத், தாவ், நூன் ஆகிய இந்த நான்கையும் சேர்த்து ‘எய்தான் எழுத்துகள்’ என்று எபிரேய இலக்கண ஆசிரியர்கள் அழைப்பார்கள். எல்லா வினைகளின் எதிர்காலத்துக்கும் இவைதான் முன்னொட்டு என்பதால், இங்கே செலவிடும் நேரம் பிற வினைகளிலும் பயன் தரும்.

பெண்ணிடம் ‘நீ இருப்பாய்’ என்பது திஹ்யீ. ‘அவள் இருப்பாள்’ என்பதும் ஆணிடம் ‘நீ இருப்பாய்’ என்பதும் ஒரே திஹ்யெ. சூழலைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். நீங்கள் திஹ்யூ, அவர்கள் யிஹ்யூ. பெண்பால் பன்மைக்கு திஹ்யேனா என்ற வடிவம் பழைய நூல்களில் உண்டு. தொடக்கத்தில் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

தெருவில் “அனி யிஹ்யெ” என்று பலர் சொல்வதைக் கேட்பீர்கள். ‘நான் இருப்பேன்’ என்பதற்கு ‘அவன் இருப்பான்’ வடிவத்தைப் போடும் இந்தப் பழக்கம் இஸ்ரேலில் மிகவும் பரவியிருக்கிறது. ஆசிரியர்கள் ஓயாமல் திருத்துகிறார்கள். இஸ்ரேலில் பிறந்தவர் இப்படிச் சொன்னால் பேச்சுவழக்கு என்று விட்டுவிடுவார்கள், புதிதாகக் கற்பவர் சொன்னால் தெரியவில்லை என்று எண்ணுவார்கள். நியாயமற்றதுதான், ஆனாலும் எஹ்யெ என்றே பழகுங்கள்.

‘மருத்துவராக இருப்பார்’ என்பதில் வரும் ‘ஆக’ எபிரேயத்தில் தேவையில்லை: “ஹூ யிஹ்யெ ரோஃபெ”. இதே தொடர் ‘மருத்துவர் ஆவார்’ என்றும் பொருள்படும். சிறுவர்களிடம் எல்லா நாட்டிலும் கேட்கும் கேள்வியை எபிரேயத்தில் கேட்டால் இப்படி இருக்கும்: “மா அத்தா ரோட்ஸெ லிஹ்யோத் க்ஷெதிஹ்யெ காதோல்?” அதாவது, பெரியவனானதும் என்ன ஆக விரும்புகிறாய்? லிஹ்யோத் என்பது ‘இருக்க’, ‘ஆக’ என்னும் செயவென் வடிவம். ‘க்ஷெ’ என்பது ‘போது’. ‘பெரியவனானதும்’ என்று நாம் இறந்தகால வடிவத்தில் சொல்வதை அவர்கள் ‘திஹ்யெ’ என்று எதிர்காலத்தில் சொல்வதைக் கவனிக்கவும். இனி நடக்கப்போவதைப் பற்றி ‘போது’ என்று தொடங்கினால் எபிரேயத்தில் எதிர்காலமே வர வேண்டும்.

ஏவலுக்கும் பேச்சில் எதிர்கால வடிவமே பயன்படுகிறது. “திஹ்யெ ஃகஃஜாக்” என்றால் ‘உறுதியாக இரு’. பெண்ணிடம் “திஹ்யீ ஃகஃஜாகா”. ‘இருக்காதே’ என்பதற்கு லோ வராது, அல் வரும்: “அல் திஹ்யெ கஃஜெ” என்றால் ‘இப்படி இருக்காதே’ என்ற செல்லக் கண்டிப்பு.

ஐந்தாம் படி: எனக்கு இருந்தது, எனக்கு இருக்கும்

இந்தப் படியில்தான் அதிக நேரம் தங்க வேண்டும். யெஷ் லி, எய்ன் லி ஆகியவற்றை நேற்றுக்கோ நாளைக்கோ நகர்த்தும்போது யெஷ், எய்ன் இரண்டும் மறைந்து ஹாயா வருகிறது. யெஷ் எதற்கும் மாறாத சொல். ஹாயாவோ பொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். யாருக்கு இருந்தது என்பதைப் பார்க்கக் கூடாது, எது இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃஜ்மான், நேரம், ஆண்பால். ஆகவே “ஹாயா லி ஃஜ்மான்”. மெஃகோனித், கார், பெண்பால். ஆகவே “ஹாய்தா லி மெஃகோனித்”. யெலாதிம், பிள்ளைகள், பன்மை. ஆகவே “ஹாயூ லி யெலாதிம்”. நாளை என்றால் முறையே யிஹ்யெ லி, திஹ்யெ லி, யிஹ்யூ லி. தமிழில் உயர்திணை அல்லாத எல்லாவற்றுக்கும் ‘இருந்தது’ ஒன்றே போதும் என்பதால், காருக்கும் கதவுக்கும் பால் பார்ப்பது நமக்கு இயற்கையாக வராது. ஒவ்வொரு புதிய பெயர்ச்சொல்லையும் ஹாயா அல்லது ஹாய்தாவோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘மெஃகோனித்’ என்று தனியாக எழுதாமல் ‘ஹாய்தா மெஃகோனித்’ என்று எழுதினால், பாலும் வினையும் ஒன்றாகவே மனத்தில் பதியும்.

மாயிம், தண்ணீர், எபிரேயத்தில் எப்போதும் பன்மை. எனவே ‘தண்ணீர் வரவில்லை, இருக்கவில்லை’ என்பது “லோ ஹாயூ மாயிம்”. மின்தடை பெண்பால்: “ஹாய்தா ஹஃப்ஸகத் ஃகஷ்மால்”. மின்சாரம் மட்டும் என்றால் ஆண்பால்: “லோ ஹாயா ஃகஷ்மால்”.

பராமரிப்புப் பணியில் இருப்பவருக்கு இந்த ஒரு படி எவ்வளவு உதவும் என்பதை ஒரு தொலைபேசி உரையாடலில் பார்க்கலாம். முதியவரின் மகள் காலையில் அழைக்கிறார்.

“எஃக் ஹாயா ஹலாய்லா?” இரவு எப்படி இருந்தது?

“ஹாயா பெஸேதெர்.” நன்றாக இருந்தது.

“ஹாயா லோ ஃகோம்?” அவருக்குக் காய்ச்சல் இருந்ததா?

“லோ, லோ ஹாயா லோ ஃகோம். ஹாயூ லோ கெஎவிம் பரெகெல்.” இல்லை, அவருக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. காலில் வலி இருந்தது.

“மாஃகார் திஹ்யெ லோ பெதிகத் தாம்.” நாளை அவருக்கு இரத்தப் பரிசோதனை இருக்கும்.

ஃகோம் ஆண்பால் ஒருமை, கெஎவிம் ‘வலிகள்’ என்ற பன்மை, பெதிகா பெண்பால். வினை மூன்று விதமாக மாறியிருப்பதைக் காணலாம். நான்காவது வரியில் முதல் இரண்டு லோவும் ‘இல்லை’ என்ற பொருளில் வருவன. அடுத்து வரும் லோ ‘அவருக்கு’. காதுக்கு ஒன்றாகவே ஒலித்தாலும் எழுத்தில் வேறு: ‘இல்லை’ என்பது லாமெத், அலெஃப்; ‘அவருக்கு’ என்பது லாமெத், வாவ். வினைக்கு முன் வருவது மறுப்பு, வினைக்குப் பின் வருவது வேற்றுமை என்று வைத்துக்கொண்டால் இத்தகைய எளிய தொடர்களில் குழப்பம் தீரும். பராமரிக்கப்படுபவர் பெண்ணானால் லோவுக்குப் பதில் லா: “ஹாயா லா ஃகோம்?”

பேச்சில் பலர் பால் பார்க்காமல் “ஹாயா லி பெஆயா” என்று சொல்வார்கள். ‘எனக்கு ஒரு பிரச்சினை இருந்தது’ என்பது பொருள். பெஆயா பெண்பால் என்பதால் “ஹாய்தா லி பெஆயா” என்பதே சரி. வினை முன்னே வந்து பொருள் பின்னே வரும்போது, நாக்கு பொருளை எட்டும் முன்பே ஹாயா வந்துவிடுகிறது என்பதே இதற்குக் காரணம். புரிந்துகொள்ளப் பேச்சுவடிவமும் எழுதச் சரியான வடிவமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஹாயீத்தியோடு இன்னொரு வினை

ஹாயாவின் இறந்தகாலத்துக்குப் பின் வேறொரு வினையின் நிகழ்கால வடிவத்தைச் சேர்த்தால் இரண்டு பொருள்கள் கிடைக்கும். முதலாவது, அக்காலத்து வழக்கம். “க்ஷெஹாயீத்தி யெலெத், ஹாயீத்தி ஹோலெஃக் லயாம் கோல் ஷபாத்.” சிறுவனாக இருந்தபோது ஒவ்வொரு சனிக்கிழமையும் கடலுக்குப் போவேன். பெண் சொன்னால் யெலெத் என்பது யல்தா என்றும், ஹோலெஃக் என்பது ஹோலெஃகெத் என்றும் மாறும்.

தமிழில் இந்தப் ‘போவேன்’ உருவத்தில் எதிர்காலம், பொருளில் கடந்தகால வழக்கம். அதே நினைப்பில் எபிரேயத்திலும் எதிர்கால வடிவமான எலெஃக் என்பதைப் போட்டால், இனிமேல் போகப்போவதாக ஆகிவிடும். மறுபுறம், ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்ற தொடர்நிகழ்வுக்கும் இந்த அமைப்பைப் பயன்படுத்தப் பலருக்குக் கை துறுதுறுக்கும். பெரும்பாலும் அங்கே வெறும் இறந்தகாலமே போதும். “நீ போன் செய்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன்” என்பது “க்ஷெஹித்கஷார்தா, யஷாந்தி” என்று இரண்டே சொல்லில் முடியும்.

இரண்டாவது பொருள், நடக்காத ஒன்றைப் பற்றிய நிபந்தனை. “இம் ஹாயீத்தி யோதேஆ, ஹாயீத்தி பா.” தெரிந்திருந்தால் வந்திருப்பேன். இரண்டு பாதியிலும் ஹாயீத்தியே வருவது நம் ‘இரு’ இரண்டு பாதியிலும் வருவதைப் போன்றது. இந்த ஒரு தொடரை அப்படியே மனப்பாடம் செய்து, வினையை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம்.

இதிலிருந்தே பணிவான வேண்டுகோளும் பிறக்கிறது. கடையில் “அனி ரோட்ஸெ கஃபே” என்றால் ‘எனக்குக் காபி வேண்டும்’. “ஹாயீத்தி ரோட்ஸெ கஃபே” என்றால் சற்று மென்மை கூடுகிறது. பெண் “ஹாயீத்தி ரோட்ஸா” என்பார். வேண்டியிருந்ததைச் சொல்ல “ஹாயீத்தி ட்ஸாரிஃக் லலெஃகெத்”, அதாவது ‘நான் போக வேண்டியிருந்தது’; பெண் சொன்னால் ட்ஸாரிஃக் என்பது ட்ஸ்ரிஃகா ஆகும்.

ஏழாம் படி: நாளும் காதில் விழும் தொடர்கள்

சில தொடர்களை இலக்கணம் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வது மேல். “மா ஹாயா?” என்றால் என்ன நடந்தது. “மா யிஹ்யெ?” என்றால் இனி என்ன ஆகும். “யாஃகோல் லிஹ்யோத்” என்றால் ‘இருக்கலாம்’. “லோ யாஃகோல் லிஹ்யோத்” என்றால் ‘இருக்கவே முடியாது’. “மா ஷெஹாயா ஹாயா” என்பது நம் ‘போனது போகட்டும்’ சொல்லும் இடத்தில் வரும். “ஷெயிஹ்யெ” என்று அலுப்போடு சொன்னால் ‘இருந்துவிட்டுப் போகட்டும்’; “ஷெயிஹ்யெ பெஹட்ஸ்லாஃகா” என்று மலர்ந்து சொன்னால் ‘வெற்றியாக அமையட்டும்’ என்ற வாழ்த்து. ‘வேறு வழியிருக்கவில்லை’ என்பதற்கு “லோ ஹாய்தா ப்ரேரா”. குழந்தைகளுக்குக் கதை தொடங்கும்போது “ஹாயோ ஹாயா”, நம் ‘ஒரு ஊரிலே’. முழுப் பொய் என்று ஒதுக்க “லோ ஹாயா வெலோ நிவ்ரா”, ‘இருந்ததும் இல்லை, படைக்கப்பட்டதும் இல்லை’. வேதாகமத்தில் வரும் யோபு என்ற மனிதர் உண்மையில் இருந்தாரா என்று, யூதச் சமயச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் நடக்கும் விவாதத்திலிருந்து வந்த தொடர் இது.

இவை எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்பது “யிஹ்யெ பெஸேதெர்”, எல்லாம் சரியாகிவிடும். குழாய் பழுதானாலும், தேர்வு நெருங்கினாலும், விசா தாமதமானாலும் இதுவே பதில். 1992இல் பிரதமர் இட்சாக் ராபின் ஓர் உரையில் இந்த இரண்டு சொற்களையே நாட்டின் வேதனையான பிரச்சினைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டு, அவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் அலட்சியத்தைச் சாடினார். ஆகவே ஆறுதலாகச் சொல்லும்போது நல்ல தொடர். முதலாளி வேலையின் நிலையைக் கேட்கும்போது இதைப் பதிலாகச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது.

எழுத்தில் படிக்கும்போது

எபிரேயத்தை அன்றாடம் உயிர்க்குறிகள் இல்லாமலே எழுதுகிறார்கள். அதனால் ‘நீ இருந்தாய்’ என்பது ஆணுக்கானாலும் பெண்ணுக்கானாலும் ஹே, யோத், யோத், தாவ் என்ற ஒரே தோற்றத்தில் வரும். வாட்ஸ்ஆப்பில் வந்த செய்தியை ஹாயீத்தா என்று படிப்பதா ஹாயித் என்று படிப்பதா என்பது அது யாருக்கு எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. ‘அவள் இருந்தாள்’ என்ற ஹாய்தா இன்றைய எழுத்தில் இரண்டு யோத்துகளோடும் வேதாகமத்தில் ஒரே யோத்தோடும் வரும். இரண்டும் ஒரே சொல்தான்.

வேதாகம எபிரேயத்துக்காகக் கற்பவர்கள் இந்த வடிவங்களை ஆதியாகமத்தின் முதல் பக்கத்திலேயே சந்திப்பார்கள். “யெஹி ஓர், வயெஹி ஓர்”: தமிழில் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று’. யெஹி என்பது யிஹ்யெயின் குறுகிய வடிவம், ‘ஆகட்டும்’ என்ற பொருளுடையது. முன்னால் ‘வ’ சேர்ந்து வயெஹி ஆகும்போது ‘ஆயிற்று’ என்று நடந்ததைச் சொல்கிறது. எதிர்கால வடிவம் எப்படி இறந்தகாலப் பொருள் தருகிறது என்று திகைக்க வேண்டாம். பழைய எபிரேயத்தின் வினைமுறை இன்றைய மூன்று காலப் பகுப்பில் அடங்குவதில்லை. யாத்திராகமம் 3:14இல் வரும் “எஹ்யெ அஷெர் எஹ்யெ” என்பதும் நான்காம் படியில் கற்ற அதே எஹ்யெதான். இன்றைய எபிரேயர் காதுக்கு அது ‘இருப்பவராக இருப்பேன்’ என்று கேட்கும். தமிழ் வேதாகமம் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் மொழிபெயர்த்திருக்கிறது. இரண்டுக்கும் மூலத்தில் இடமுண்டு.

பழைய குறுவடிவங்கள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. மரண அறிவிப்புகளில் “யெஹி ஃஜிஃக்ரோ பாரூஃக்”, ‘அவர் நினைவு ஆசீர்வதிக்கப்படட்டும்’ என்று அச்சிடுகிறார்கள். இறந்தவர் பெண்ணானால் ஃஜிஃக்ரா. 1948இன் இஸ்ரேல் சுதந்திரப் பிரகடனம், நாடு யூதக் குடியேற்றத்துக்குத் திறந்திருக்கும் என்று சொல்லும் இடத்தில், திஹ்யெக்குப் பதிலாகத் தெஹே என்ற உயர்நடை வடிவத்தைப் பயன்படுத்துகிறது. தேசிய கீதமான ‘ஹதிக்வா’விலோ லிஹ்யோத் என்ற சாதாரண வடிவமே வருகிறது: “லிஹ்யோத் அம் ஃகோஃப்ஷி பெஅர்ட்ஸேனு”, நம் நாட்டில் சுதந்திர மக்களாக இருக்க. இதுவரை வந்தவற்றைப் படித்தவர் அகராதியில்லாமல் அந்த வரியின் முதல் சொல்லைப் புரிந்துகொள்வார். அம் என்றால் மக்கள், ஃகோஃப்ஷி என்றால் சுதந்திரமான, பெஅர்ட்ஸேனு என்றால் நம் நாட்டில்.